காவற்கூலியும் காவற்கணக்கும்

(தென்சென்னைத் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மயிலை, தியாகராய நகர், அடையாறு என்னும் மூன்றும் சென்னை மாநகரின் மூன்று காவல் மாவட்டங்கள். மூன்றிலும் மூவேறு வாழ்க்கை. மயிலையில் கபாலீச்சுரத்தைச் சூழ்ந்த மாடத் தெருக்கள். பங்குனியில் அறுபத்து மூவர் விழாவன்று தலைமேல் தலையாக மக்கள் திரளும் தெருக்கள். தியாகராய நகரில் அரங்கநாதன் தெருவும் உசுமான் சாலையும். தீபாவளிக்கு முந்திய கிழமைகளில் காவலர் உயரக் கோபுரங்கட்டி நின்று கூட்டத்தைக் கண்காணிக்கும் வணிகப் பெருவெளி. அடையாற்றில் மரநிழல் சூழ்ந்த பெருவீடுகள். மக்கள் கடல் கடந்து சென்றுவிட, முதியோர் ஒருவரோ இருவரோ தனித்து வாழும் வீடுகள். அவற்றிற்குக் கூப்பிடு தொலைவிலேயே ஊரூர்க் குப்பம், ஆல்காட்டுக் குப்பம் முதலிய மீனவர் குடியிருப்புகள்.

வாழ்க்கை மூவகையாதல் போலவே குற்றமும் மூவகையாகும். விழாக் கூட்டத்தில் கழுத்து நகையை ஊக்குக் குத்திக் காத்துக்கொள்ளுமாறு பெண்டிர்க்குக் காவலர் சொல்லவேண்டியுள்ளது. கடைத்தெருவில் பணப்பையும் கைப்பேசியும் களவு போகின்றன. தனித்து வாழும் முதியவர்க்கோ கள்வன் கதவை உடைத்து வரவேண்டுவதே இல்லை. அவன் தொலைபேசியில் வருகின்றான்.

இக்குற்றங்களைக் குறைக்க அரசு பணம் ஒதுக்குகின்றது. தெருவார் பணம் திரட்டித் தருகின்றனர். காவல்துறையும் பொதுமக்களும் கைகோக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசப்படுகின்றது. நன்று. ஆயின் அடிப்படையான வினா ஒன்று கேட்கப்படாமலேயே உள்ளது. காவலுக்குக் கொடுக்கப்படும் கூலிக்குக் கணக்கு யாரிடம் ஒப்புவிக்கப்படுகின்றது? அவ்வொரு வினாவையே இவ்வுரை எடுத்துக்கொள்கின்றது.

தமிழர் கண்ட காவல்

காவல் தமிழர்க்குப் புதியதன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, மழை பெய்து ஓயாத நள்ளிரவிலும் சோர்வின்றித் தெருவில் திரியும் ஊர்க் காப்பாளரையும், இருளில் ஒளிந்து வரும் கள்வரின் கோலத்தையும் ஒருங்கே காட்டுகின்றது. களவின் வழிகளைக் கற்றுத் தேர்ந்தவரே அன்று ஊர்காத்தனர். காவல் என்பது படைவலி மட்டுமன்று, அறிவுத் தொழில் என்பதை ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமிழர் உணர்ந்திருந்தனர்.

பின்னர்ச் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்னுஞ் சொல் மீண்டும் மீண்டும் வருகின்றது. பாடி என்பது ஊர். அவ்வூரைக் காப்பதற்கென ஊரார் செலுத்திய வரியும், காப்பவர் பெற்ற உரிமையும் அப்பெயரால் வழங்கின. ஊர்க் காவலுக்கு ஊரே பணந்தரும் முறை அது. இன்று புதிதாய்க் கண்டதுபோற் பேசப்படும் ‘மக்கள் பங்களிப்பு’ நம் மண்ணில் கல்லிற் பொறிக்கப்பட்டுக் கிடக்கின்றது.

சென்னைக்கே உரிய சான்றும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கில வணிகக் குழுமத்தார் சென்னையின் கறுப்பர் நகரைக் காக்கும் பொறுப்பைப் பெத்த நாயக்கனிடம் ஒப்படைத்தனர். அவன் பெயரே பெத்தநாயக்கன்பேட்டை என்று இன்றும் நின்று நிலவுகின்றது. அவனுக்கு நிலமும், வரும் பண்டங்களில் சிறுபங்கும் கூலி. அக்கூலிக்கு ஈடாக அவன் ஏற்ற பொறுப்பு யாது? தன் காவல் எல்லைக்குள் களவு நிகழ்ந்தால் பொருளை மீட்டுத் தரவேண்டும்; மீட்க இயலாவிடின் தன் கைப்பொருளால் ஈடு செய்யவேண்டும். கூலி வாங்கியவன் இழப்புக்குப் பொறுப்பாளி என்பதே பழைய காவலின் உயிர்நாடி.

பழமையில் எல்லாம் நலமே என்று மயங்குதல் தகாது. புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகள் பாடிகாவலின் மறுபக்கத்தையும் காட்டுகின்றன. கலகக் காலங்களில் தம்மைக் காக்க இயலாத ஊரார், வலியவரான அரையர்க்குக் காவலுரிமையை விற்றனர். காக்க வந்தவர் நாளடைவில் ஊரையே ஆளுநராயினர். காவற்கூலி கட்டாயத் தண்டலாயிற்று. கணக்குக் கேட்கும் வலிமையை ஊர் இழந்தவுடன் காவலன் தலைவனாகிவிடுகின்றான். இவ்விரு பாடங்களையும் நெஞ்சில் நிறுத்திக்கொண்டே இன்றைய நிலையைக் காணவேண்டும்.

ஆங்கிலன் அறுத்த கயிறு

1859-இல் வந்த சென்னை மாவட்டக் காவற் சட்டம் ஊரையும் காவலையும் பிணைத்திருந்த கயிற்றை அறுத்தது. காவலன் ஊரார்க்குப் பொறுப்புடையவன் என்பது போய், மேலலுவலர்க்குப் பொறுப்புடையவன் என்றாயிற்று. சென்னை நகர்க்கென 1888-இல் தனிச் சட்டம் இயற்றப்பெற்றது. அடிமை நாட்டை அடக்கி வைப்பதற்கென்று அமைத்த அமைப்பு அது. அதன் கண் மேல்நோக்கியே பார்க்கும், கீழ்நோக்கிப் பாராது.

அவ்வளவில் நிற்கவில்லை. ஊர்காவலையே வாழ்வாகக் கொண்டிருந்த குடிகளைப் ‘பிறவிக் குற்றவாளிகள்’ என்று முத்திரை குத்தி, கைரேகை பதியவும் இரவில் காவல் நிலையத்திற் படுக்கவும் வைத்தது குற்றப் பரம்பரைச் சட்டம். அதனை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்பிரல் 3-ஆம் நாள் எழுந்த மக்கள் சுட்டு வீழ்த்தப்பட்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அச்சட்டம் நீங்கியது. சட்டம் நீங்கியது, ஒரு தெருவையோ ஒரு குடியிருப்பையோ ஒட்டுமொத்தமாக ஐயுறும் பழக்கம் நீங்கிற்றா என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

மூன்றாங் கண்

இனி நம் காலத்துக்கு வருவோம். 2017-இல் அ.கா. விசுவநாதன் சென்னைக் காவல் ஆணையராகப் பொறுப்பேற்றபின் ‘மூன்றாவது கண்’ என்னும் திட்டம் விரைந்து பரவியது. ஐம்பது மீட்டருக்கு ஒரு கண்காணிப்புப் படக்கருவி என்பது அதன் நோக்கம். அதற்கான பணத்தில் பெரும்பங்கை வணிகர்களும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் நிறுவனங்களும் தந்தனர். 2020-ஆம் ஆண்டில் உலகப் பெருநகர்களை அளந்த ஓர் ஒப்பீடு, ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 657 படக்கருவிகள் என்று கணக்கிட்டுச் சென்னையை முதலிடத்தில் வைத்தது.

பயன் இல்லை என்று சொல்வார் இலர். இருசக்கர வண்டியில் வந்து தாலிச் சங்கிலியைப் பறித்துச் சென்றவன், தெருவுக்குத் தெரு தொடர்ந்து பார்க்கப்பட்டுப் பிடிபட்டிருக்கின்றான். சங்கிலிப் பறிப்புக் குறைந்தது என்று காவல்துறையே அறிவித்தது. தாலியைப் பறிகொடுத்த ஏழைத் தாய்க்கு அது மீண்டு கிடைத்தல் சிறிய நன்மையன்று.

ஆயினும் மூன்று குறைகள் உள. முதலாவது, பணமுள்ள தெருவுக்கே கண் முளைத்தது. பத்துக் கடை உள்ள தெரு பத்துக் கருவி வாங்கும். பத்து வீட்டுவேலைப் பெண்டிர் வாழும் சந்து எதனை வாங்கும்? நன்கொடையாற் காவல் நடந்தால் காவலும் விலைப்பொருளாகிவிடும். விளக்கே இல்லாத சந்தில் இரவுப் பணி முடித்துத் திரும்பும் பெண்ணுக்கு உசுமான் சாலைக் கருவி துணை வாராது.

இரண்டாவது, கண் பார்க்கும், கை நீட்டாது. தனித்து வாழும் முதியவரின் கைப்பேசியில் ஒருவன் காவல் உடையோடு காணொளியில் தோன்றுகின்றான். ‘உம் பெயரில் மயக்கப்பொருட் பொதி வந்துள்ளது, நீர் சிறைப்பட்டீர், அறையை விட்டு அசையாதீர்’ என்று மிரட்டுகின்றான். வாழ்நாட் சேமிப்பு சில மணி நேரத்தில் மறைகின்றது. காணொளி வாயிலாக ஒருவரைச் சிறைப்பிடிக்கும் முறை இந்நாட்டுச் சட்டத்தில் யாண்டும் இல்லை. அப்பெரியவர் அதனை நம்பியது ஏன்? உண்மைக் காவலர் ஒருவரையேனும் அவர் பெயர் சொல்லி அறிந்ததில்லை. அறிந்திருந்தால், ‘சற்றுப் பொறு, எம் தெருக் காவலரைக் கேட்டு வருகிறேன்’ என்றிருப்பார். அந்த ஒரு சொல்லிற் கள்வன் ஓடியிருப்பான். இத்தகைய ஏமாற்றுக்கென 1930 என்னும் உதவி எண் உள்ளது; பணம் போன உடனே அழைத்தால் சிலபோது அதனைத் தடுத்து நிறுத்தவும் இயலும். அந்த எண்ணை ஒவ்வொரு முதியவர் வீட்டிலும் எழுதி ஒட்டுவதற்கு எத்துணைக் கோடி வேண்டும்?

மூன்றாவது, பார்ப்பவனைப் பார்ப்பார் யார்? 2017-இல் தியாகராய நகர்க் காவல் மாவட்டத்தில் முகத்தைக் கொண்டு ஆளை அறியும் செயலி பயன்பாட்டுக்கு வந்தது. அதே ஆண்டு ஆகத்து 24-ஆம் நாள் உச்சநயமன்றத்தின் நடுவர் ஒன்பதின்மர், தனிமை என்பது அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தனர். கடைத்தெருவில் நடந்து போகும் எளியவனின் முகம் எங்கே தொகுக்கப்படுகின்றது, எத்தனை நாள் வைக்கப்படுகின்றது, யார் பார்த்தார் என்பதற்கு எழுத்துக் கணக்கு வேண்டும். பெத்த நாயக்கன் களவுக்கு ஈடு கொடுத்தான். படக்கருவி யாருக்கு விடை சொல்லும்?

திருச்சி காட்டிய வழி

கண்ணைவிடக் காலே வலிது என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. 1999 முதல் 2001 வரை திருச்சிராப்பள்ளிக் காவல் ஆணையராக இருந்த சே.கா. திரிபாதி, அந்நகரை 57 சுற்றுகளாகப் பிரித்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் காவலர் நால்வர். அவர்கள் தத்தம் சுற்றிலேயே நிலையாகப் பணியாற்றினர். தெருவார்க்கு அவர்கள் முகம் தெரியும், பெயர் தெரியும். முறையீட்டைப் பெயர் சொல்லாமலும் இடுதற்குப் பெட்டிகள் வைக்கப்பட்டன. குடிசைப் பகுதிகள் தத்தெடுக்கப்பட்டன. துன்புறும் பெண்டிர்க்குத் தனி உதவி தரப்பட்டது.

இதிற் புதுமை யாது? கருவி ஒன்றும் இல்லை. கடைநிலைக் காவலனுக்குப் பொறுப்பும் மதிப்பும் தரப்பட்டன, அவ்வளவே. மேலலுவலர் ஏவும் ஆளாக இருந்தவன் ஒரு சிறு நிலப்பரப்புக்குக் காவலன் ஆனான். பாடிகாவல் நகர வடிவிற் புத்துயிர் பெற்றது என்றே சொல்லலாம்.

பிற நாட்டிலும் இதுவே கண்ட வழி. தமிழும் ஆட்சிமொழியாயுள்ள சிங்கப்பூரில், சப்பானியரின் தெருக்காவற் சாவடியைப் பார்த்து, 1983-இல் அக்கம்பக்கக் காவற் சாவடிகள் தொடங்கப்பட்டன. அடுக்ககத்தின் அடித்தளத்திலேயே காவலர்; முகவரி மாற்றம் சொல்லவும் வழி கேட்கவும் மக்கள் அங்கே சென்றனர். குற்றம் நிகழாத நாளிற் பழகிய காவலனிடமே குற்றம் நிகழ்ந்த நாளிற் செய்தி சொல்லத் தோன்றும்.

துணைவன் தடியெடுத்தபோது

இனி, நெஞ்சை உறுத்தும் செய்தி. 1993-இல் இராமநாதபுர மாவட்டக் காவல் கண்காணிப்பாளராய் இருந்த பிரதீப் வி. பிலிப் ‘காவல்துறை நண்பர்கள்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். காவலர்க்கும் மக்களுக்கும் நடுவே பாலமாக இளைஞர் நிற்பர் என்பது நோக்கம். நோக்கம் நன்றே. அது தமிழகமெங்கும் பரவியது.

27 ஆண்டுகட்குப் பின், 2020 சூன் 19-ஆம் நாள், சாத்தான்குளத்தில் கடை மூடும் நேரத்தை ஒட்டி எழுந்த பூசலில் வணிகர் செயராசும் அவர் மகன் பென்னிக்சும் காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். சில நாள்களில் மகனும் தந்தையும் அடுத்தடுத்து மாண்டனர். நடுவண் புலனாய்வுத் துறை அவ்வாண்டே காவல்துறையினர் ஒன்பதின்மர் மீது குற்ற அறிக்கை அளித்தது. நிலையத்தில் அன்றிரவு காவல்துறை நண்பர்கள் சிலரும் இருந்தனர் என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் ஒலித்தது. 2020 சூலையில் தமிழக அரசு அவ்வமைப்பையே தடை செய்தது.

மக்கள் பங்கேற்பு என்பதன் பெயரால் யாது நடந்தது? அடையாளமும் வரம்பும் பயிற்சியும் கணக்கும் இல்லாத துணைவன், காவலுடையின் நிழலில் நின்றான். பாலமாக வந்தவன் தடியாக மாறக்கூடும் என்னும் அச்சம் மக்கள் நெஞ்சிற் புகுந்தது. துணைவர் இன்றிக் காவல் இல்லை என்பது மெய். ஆனால் துணைவன் தெருவில் இருக்க வேண்டியவன், அடைப்பறையில் இருக்க வேண்டியவன் அல்லன்.

அவ்விருளிலும் ஒரு விளக்கு உண்டு. அதே நிலையத்தில் பணியாற்றிய தலைமைக் காவலர் இரேவதி என்னும் பெண்மணி, தாம் கண்டதை நடுவர் முன் அஞ்சாது உரைத்தார். காவல்துறையை மெய்யாகக் காப்பவர் அத்தகையோரே.

இவ்விடத்துச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வாராதிராது. பொற்கொல்லன் சொல்லை உசாவாமல் ஏற்று மன்னன் ஏவினான். சென்ற காவலருள் ஐயுற்று நின்றோரும் இருந்தனர். இவன் தோற்றம் கள்வன் தோற்றம் அன்றே என்று தயங்கினோர் அவர். ஆனால் கல்வியறிவற்ற குடியன் ஒருவன் வாளை ஓச்சிவிட்டான். ஒரு குடிமகன் உயிரும், ஓர் அரசன் உயிரும், ஒரு மாநகரும் அதற்கு விலையாயின. உசாவாத காவல் நாட்டையே எரிக்கும் என்பது தமிழர் காப்பியத்தின் நடுக்கருத்து.

கண்ணகி பெயர் தாங்கிய நகர்

அக்கண்ணகிக்கு 1968-இல் சென்னைக் கடற்கரையிற் சிலை எடுத்தனர் தமிழர். பின்னர் 2000-ஆம் ஆண்டளவில், நகரின் நடுவிலிருந்தும் ஆற்றோரங்களிலிருந்தும் அகற்றப்பட்ட ஏழை மக்களுக்கென ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கட்டிய குடியிருப்புக்கும் அவள் பெயரையே இட்டனர். அங்கே 15,000-க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 2015 வெள்ளத்திற்குப் பின் அடையாற்றங்கரை மக்கள் பலர் பெரும்பாக்கத்திற்கு அனுப்பப்பட்டனர்.

தென்சென்னை வீடுகளில் வேலை செய்தோர், தியாகராய நகர்த் தெருவிற் பூ விற்றோர், தம் பணியிடத்திற்குப் பல கல் தொலைவு விலக்கப்பட்டனர். அவர் போன பின் அவ்வூர்ப் பெயரே இழிபெயராயிற்று. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை தர மறுப்போர் உண்டு. முகவரி கண்டே ஐயுறும் வழக்கமும் உண்டு. பெயர் கண்ணகி, அவள் கேட்ட முறையோ அவர்க்கு இல்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ஆவி இன்னும் அலைகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அதே கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா என்னும் இளம்பெண், 2025-இல் ஆசிய இளையோர் விளையாட்டில் பொற்பதக்கம் வென்ற இந்தியச் சடுகுடு அணியில் ஆடி மீண்டார். அங்குள்ள பிள்ளைக்கு வேண்டுவது ஐயம் அன்று, ஓர் ஆடுகளம். சென்னைக் காவல்துறை குடிசைப் பகுதிகளில் நடத்திவரும் சிறார் மன்றங்களும், 2022 செபுதம்பரில் 100 பள்ளிகளில் 5,000 மாணாக்கரைக் கொண்டு 4.25 கோடி உருபாவில் தொடங்கப்பெற்ற ‘சிற்பி’ திட்டமும் இத்திசையில் எடுத்துவைத்த அடிகள். பன்னிரண்டு அகவைப் பிள்ளைக்குக் காவலர் ஒருவர் ஆசிரியராய்த் தோன்றுதல், இருபது அகவையில் அப்பிள்ளை அவரைக் கண்டு ஓடாமலிருக்கச் செய்யும்.

பணம் போகும் வழி

பணம் இல்லை என்பது மெய்யன்று. தமிழகக் காவல்துறைக்கு அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் 10,000 கோடி உருபாவிற்கு மேல் ஒதுக்கப்படுகின்றது. பெண்டிர் பாதுகாப்புக்கென நடுவணரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்னும் பங்கில் ஏற்ற ‘பாதுகாப்பான நகர்’ திட்டத்திற் சென்னைக்கு மட்டும் 425 கோடி உருபா ஒதுக்கம் பெற்றது. ஆயினும் இந்திய அளவிற் காவல் செலவில் பயிற்சிக்குச் செல்வது நூற்றுக்கு இரண்டினும் குறைவே. கருவிக்குப் பணம் உண்டு. அதனைக் கையாளும் ஆளைப் பண்படுத்தப் பணம் இல்லை.

ஆளின் நிலையோ இரங்கத்தக்கது. மேலலுவலர் வீட்டில் காவலரை ஏவலாளாய் வைக்கும் முறையைத் தமிழக அரசு 1979-லேயே ஒழித்து ஆணையிட்டது. 2022-ஆம் ஆண்டிலும் சென்னை உயர்நயமன்றம் அதனை ஒழிக்கக் கட்டளையிட வேண்டியிருந்தது! தெருவைக் காக்க மக்கள் தந்த கூலி, ஓர் அலுவலரின் அடுக்களையிலும் தோட்டத்திலும் செலவாகின்றது என்பதே இதன் பொருள். கிழமைக்கு ஒருநாள் ஓய்வு என்னும் ஆணையே 2021-இல்தான் வந்தது. உறக்கமும் ஓய்வும் இன்றி இழிவுற்று வருபவன் தெருவாரிடம் இன்சொல் பேசுவான் என்று எதிர்பார்த்தல் எங்ஙனம்?

ஓர் ஆராய்ச்சியையும் ஈண்டுக் கருதவேண்டும். பிரேசில், கொலம்பியா, இலைபீரியா, பாக்கித்தான், பிலிப்பைன்சு, உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் மக்களோடிணைந்த காவல் முறையை ஆய்ந்து, 2021-இல் அறிஞர் குழு ஒன்று முடிவு வெளியிட்டது. கூட்டங்கள் கூட்டப்பட்டன; சுற்றுக்காவலும் நடந்தது; ஆயினும் குற்றம் குறையவில்லை, நம்பிக்கையும் வளரவில்லை. கரணியம் யாது? பொருளும் ஆளும் போதவில்லை. அலுவலர் அடிக்கடி மாற்றப்பட்டனர். மக்கள் சொன்ன குறைக்குத் தொடர்ந்து விடை தரப்படவில்லை. நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்துக் கலைவதற்குப் பெயர் கூட்டுறவு அன்று. வேரை மாற்றாமல் கிளையில் தாள்மலர் ஒட்டினால் காய் காய்க்காது.

கேட்கவேண்டியவை

எனவே தென்சென்னைத் தமிழர் வேண்டுவதற்குரியன இவை.

ஒன்று: நிலையான சுற்றுக்காவலர். மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் காவலர் குறிக்கப்பெற்று, ஈராண்டேனும் மாற்றப்படாமல் இருத்தல் வேண்டும். அவர் பெயரும் எண்ணும் தெருமுனையில் தமிழில் எழுதப்படவேண்டும். புதிதாய் வரும் பணத்தின் முதற்பங்கு இதற்கே ஆகுக.

இரண்டு: பகுதி அவையிற் கணக்கு. 2022-ஆம் ஆண்டு நெறிகளின்படி சென்னை மாநகராட்சியின் ஒவ்வொரு வட்டத்திற்கும் பத்துப் பகுதி அவைகள் அமையவும், அவை ஆண்டுக்கு நான்கு முறை கூடவும் வேண்டும். சாக்கடையும் விளக்கும் பேசும் அவ்வவையில் காவல் ஆய்வாளரும் வந்து, இத்தனை முறையீடு வந்தன, இத்தனை பதிவாயின, இத்தனை பொருள் மீண்டன, இத்தனை நிலுவை என்று படித்துக் காட்டட்டும். இதற்குச் செலவு ஒரு தாள்.

மூன்று: நன்கொடையைப் பொதுவிற் சேர்த்தல். படக்கருவிக்கென வணிகர் தருவது ஒரு பொதுக் கணக்கிற் சேர்ந்து, விளக்கில்லாத சந்துக்கும் குப்பத்துக்கும் முதலிற் செல்லவேண்டும். பதிவைப் பார்த்தவர் பெயரும் அழிக்கும் நாளும் எழுதி வைக்கப்படவேண்டும்.

நான்கு: வரம்புடைய துணைவர். தெருவோர வணிகர், மீனவர், காவலாளி, வீட்டுவேலைப் பெண்டிர், ஓய்வு பெற்றோர் ஆகியோரே தெருவின் இயல்பான கண்கள். நாள் முழுதும் தெருவில் அமர்ந்திருக்கும் பூக்காரம்மை அறியாத புதுமுகம் உண்டா? நகரை விட்டு அவரைத் துரத்திவிட்டுக் கம்பத்திற் கருவி மாட்டுதல் அறியாமை. அவரைத் துணைகொள்க, ஆயின் துணைவர் கையில் தடியும் வேண்டா, அடைப்பறையின் திறவுகோலும் வேண்டா.

ஐந்து: காவலர் மீதான முறையீட்டைக் கேட்க நடுநிலை மன்றம். 2006 செபுதம்பர் 22-ஆம் நாள் பிரகாசு சிங்கு வழக்கில் உச்சநயமன்றம், ஓய்வு பெற்ற நடுவர் தலைமையில் இம்மன்றம் அமைய ஆணையிட்டது. 2013-ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டமோ, மாநில மன்றத்தில் உள்துறைச் செயலரையும் காவல்துறைத் தலைவரையுமே அமர்த்தியது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் தலைவரே நடுவராயின் முறை எங்ஙனம் கிடைக்கும்?

ஆறு: சிறார்க்கு உரிய பங்கு. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் ஆடுகளமும் படிப்பகமும் மாலைப் பள்ளியும் காவற் செலவாகவே கருதப்படவேண்டும். பத்தாண்டு கழித்துக் கட்டவேண்டிய சிறையை இன்றே தவிர்க்கும் செலவு அது.

உரிமையை அறிக

அரசு செய்யுமட்டும் கைகட்டி இருத்தல் தமிழர்க்கு அழகன்று. இன்றைக்கே செய்யக்கூடியவை சில உள. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியற் சட்டங்களுக்கு வடமொழியில் வாயிற் புகாப் பெயர்களை இட்டிருக்கின்றனர். பெயர் அயலாயினும் அதனுள் உள்ள உரிமையை அயலாக்கிவிடல் ஆகாது. முறையீட்டை எந்த எல்லையில் நிகழ்ந்தது என்று தட்டிக்கழிக்காமல் எந்த நிலையமும் பதிதல் வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் படியை முறையிட்டவர்க்குக் கட்டணமின்றித் தரல் வேண்டும். 90 நாளுக்குள் புலனாய்வு எவ்வளவில் உள்ளது என்பதைத் தெரிவித்தல் வேண்டும். இம்மூன்றையும் ஒவ்வொரு தமிழ் மன்றமும் நல்ல தமிழில் அச்சிட்டுத் தெருதோறும் வழங்குக. தனித்து வாழும் முதியோர் பெயரைப் படிப்பக இளைஞர் தொகுத்து, கிழமைக்கு ஒரு முறை சென்று கண்டு வருக. 2023-இல் சென்னைக் காவல்துறை தொடங்கிய, 75 அகவை கடந்து தனித்து வாழ்வோர்க்கான ‘பந்தம்’ என்னுந் திட்டத்தில் அவரைச் சேர்த்து விடுக. ஆறு மாதத்திற்கு ஒரு முறையேனும் தெருக் காவலரைத் தெருவார் அழைத்து, அவர் குறையையும் கேட்டறிக. அவரும் தமிழ்மகனே, கூலிக்கு உழைக்கும் தொழிலாளியே.

பெரியீர்! காவல் என்பது பணம் கொடுத்துக் கதவடைத்துக்கொள்ளும் பண்டம் அன்று. கூலி கொடுப்பவன் கணக்குக் கேட்கவேண்டும். கூலி வாங்குபவன் கணக்குக் கொடுக்கவேண்டும். கேட்பவன் அஞ்சிக் கேளாதபோது பாடிகாவல் அரையராட்சியாயிற்று. கொடுப்பவன் மறுத்தபோது சாத்தான்குளம் நிகழ்ந்தது. இருவரும் முகம் நோக்கிப் பேசிய இடத்தில் திருச்சி காட்டிய வழி பிறந்தது.

அடுத்த பகுதி அவைக் கூட்டத்தில் ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு தமிழராவது எழுந்து நின்று, ‘எம் தெருவுக்குக் காவலர் யார்? அவர் பெயர் யாது? இவ்வாண்டுக் கணக்கு எங்கே?’ என்று கேட்பாராக! அவ்வொரு வினா நூறு படக்கருவிக்கு நிகர்.

ஊர் விழித்திருந்தால் காவலும் விழித்திருக்கும்.